நாக்குக்கு நாலு நிமிஷம்!

சாப்பிடும்போது உங்களுக்கு எத்தனையோ முறை புரையேறியிருக்கும். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்ட இருமித் தள்ளியிருப்பீர்கள். உடனே அம்மாவோ பாட்டியோ ஓடிவந்து உச்சந்தலையில் ‘டொப் டொப்’பென்று தட்டி, “யாரோ உன்னை நினைச்சுக்கறாங்க” என்று சமாதானம் சொல்லியிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகி, மிச்ச ரசம் சாதத்தை முடித்துவிட்டு எழுந்திருப்பீர்கள்.

தலையில் தட்டியதால் பிழைத்தோம் என்று நினைக்காதீர்கள். உங்களைக் காப்பாற்றியது தட்டல் இல்லை, இருமல். அந்த இருமல் வராமல் போயிருந்தால்..?

இந்த வாரம் அந்தக் கதைதான்.

முதலில் தொண்டையின் வரைபடம். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் நசரத்பேட்டை வரும். வண்டலூரில் கிளம்பி மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை அங்கேதான் நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. இரண்டு போக்குவரத்தும் மோதிக்கொள்ளக் கூடாது என்பதால் இன்ஜினீயர்கள் ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் விட்டுவிட்டார்கள். பிரச்னை தீர்ந்தது.

உங்கள் தொண்டையிலும் இப்படி ஒரு சந்திப்பு இருக்கிறது. மூக்கு வழியாக வரும் காற்று, முன்பக்கம் இருக்கும் மூச்சுக்குழாய்க்குப் போக வேண்டும். வாய் வழியாக வரும் இட்லி, பின்பக்கம் இருக்கும் உணவுக்குழாய்க்குப் போக வேண்டும். ஆக, இரண்டு ரூட்டும் ஒன்றையொன்று வெட்டியே தீரும். ஆனால், இங்கே மேம்பாலம் கிடையாது. வெறும் லெவல் கிராஸிங்! அதற்கு ஒரே ஒரு கேட்கீப்பர். இலை வடிவத்தில் இருக்கும் குரல்வளை மூடி.

வேண்டுமானால் இப்போதே எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை ‘விசுக்’கென்று மேலே ஏறி இறங்கும். அந்த ஒரு விநாடி மூச்சு நின்றிருக்கும். அதுதான் கேட் மூடிய நேரம். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசினாலோ சிரித்தாலோ, கேட்கீப்பர் குழம்பிவிடுகிறார். ஒரு பருக்கை காற்றுப் பாதையில் நுழைகிறது. நுழைந்ததும் உடம்பு அதை வெளியே தள்ளுகிற ராக்கெட்தான் இருமல்.

கேட்டைத் தாண்டினால் மூச்சுக்குழாய். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். கீழே போய் இரண்டாகப் பிரிகிறது. வலது கிளை கொஞ்சம் அகலம், கொஞ்சம் செங்குத்து. அதனால்தான் குழந்தைகள் தப்பான பாதையில் விட்ட வேர்க்கடலை பெரும்பாலும் வலது நுரையீரல் பக்கமே போய் உட்கார்ந்துகொள்கிறது.

இந்த லெவல் கிராஸிங்கில் இரண்டு வித விபத்து நடக்கலாம். ஒன்று, வெளியிலிருந்து வந்த பொருள் அடைப்பது. இன்னொன்று, நம்மோடு பிறந்த நாக்கே அடைப்பது. ஆச்சர்யம் என்னவென்றால், கூடவே இருந்த இந்த இரண்டாவது வில்லனைத்தான் மருத்துவ உலகம் ரொம்ப லேட்டாக அடையாளம் கண்டது.

1767-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கால்வாயில் விழுந்து மூச்சு நின்றவர்களைப் பிழைக்க வைப்பதுதான் அதன் வேலை. 1774-ல் லண்டனிலும் அதே போல ஒன்று. நல்ல எண்ணம்தான். ஆனால், செய்த வைத்தியங்களில் ஒன்று என்ன தெரியுமா? துருத்தியை வைத்து, பின்புறம் வழியாக வயிற்றுக்குள் புகையிலைப் புகையை ஊதுவது! அடைத்துக்கொண்டது மேல் வாசல். இவர்கள் திறந்ததோ கீழ் வாசல்.

அப்புறம் விதவிதமான ‘செயற்கை சுவாச’ முறைகள் வந்தன. 1903-ல் ஷேஃபர் முறை. குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்துவது. 1932-ல் ஹோல்கர் நீல்சன் முறை. முதுகை அழுத்தி, பிறகு கைகளைத் தூக்குவது. முதலுதவிப் புத்தகங்களில் ரொம்ப காலம் இதெல்லாம் படம் போட்டு இருந்தது. நெஞ்சை அமுக்கினால் காற்று வெளியே போகும், விட்டால் உள்ளே வரும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். காற்று வருகிற வழி திறந்திருக்கிறதா என்று மட்டும் அவ்வளவாக யாரும் பார்க்கவில்லை.

பார்த்தவர்களில் முக்கியமானவர், பீட்டர் சஃபார். 1924-ல் வியன்னாவில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போய் பால்டிமோரில் மயக்க மருந்து டாக்டராக வேலை பார்த்தார். ஒருவருக்கு மயக்க மருந்து கொடுத்ததும் என்ன ஆகும் என்பது அவர் தினமும் பார்க்கிற விஷயம். தசையெல்லாம் தளரும். நாக்கும் ஒரு தசைதானே? மல்லாந்து படுத்திருப்பவரின் நாக்கு அப்படியே பின்னால் சரிந்து, காற்றுப் பாதையில் மூடி போட்ட மாதிரி உட்காரும். மயக்க மருந்து டாக்டர்கள் சட்டென்று தாடையைத் தூக்கிவிடுவார்கள். காரணம், நாக்கு தாடை எலும்போடு கட்டப்பட்டிருக்கிறது. தாடை மேலே வந்தால் நாக்கும் கூடவே வந்தாக வேண்டும்!

ஆபரேஷன் தியேட்டருக்குள் தெரிந்த இந்த ரகசியம் தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

1956 அக்டோபரில் கான்சாஸ் சிட்டியில் ஒரு மருத்துவ மாநாடு. அது முடிந்து பால்டிமோருக்குத் திரும்பும்போது, ஜேம்ஸ் ஈலம் என்ற இன்னொரு டாக்டரும் சஃபாரும் ஒரே காரில் வந்தார்கள். வழியெல்லாம் ஈலம் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். நாம் வெளியே விடுகிற மூச்சுக் காற்றே இன்னொருவரை உயிரோடு வைக்கப் போதும் என்பதுதான் அது. காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், காற்றில் ஆக்சிஜன் வரவு 21 சதவிகிதம். உடம்பு செலவழிப்பது சுமார் 5. மிச்சம் 16 வெளியே போகிறது. அந்த மிச்சத்தைக் கடன் கொடுத்து ஒரு உயிரை ஓட்டலாம்!

சஃபாருக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. அடுத்து அவர் செய்த பரிசோதனையை இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியும் அனுமதிக்காது. டாக்டர்கள், மருத்துவ மாணவர்கள் என்று 31 பேரைச் சம்மதிக்க வைத்தார். தூக்க மருந்து கொடுத்தார். கூடவே, தசைகளை முடக்கிப் போடும் மருந்தையும் கொடுத்தார். அவர்களால் தாங்களாக மூச்சு விட முடியாது. இப்போது மருத்துவம் தெரியாத சாதாரண ஆட்களை அழைத்து, “இவர்களை மூச்சு விட வையுங்கள்” என்றார்.

முதுகை அழுத்தும் பழைய முறைகளில் பலருக்குப் போதிய காற்றே உள்ளே போகவில்லை. நாக்கு வழிமறித்துக்கொண்டு கிடந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கி, வாயோடு வாய் வைத்து ஊதியபோது நெஞ்சு ஜம்மென்று எழும்பியது. மருத்துவம் தெரியாதவர்கள் கையாலேயே! 1958-ல் முடிவுகள் வெளிவந்தன. நூற்றாண்டுப் பாடத்தை நெற்றியில் ஒரு கையும் மோவாயில் இரண்டு விரலும் மாற்றி எழுதின. 1960-ல் அதே பால்டிமோரின் இன்னொரு ஆஸ்பத்திரியில், வெளியிலிருந்து நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் முறையைக் கண்டுபிடிக்க, இரண்டும் சேர்ந்து இன்றைய சி.பி.ஆர். ஆனது.

இதை ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பொம்மை வேண்டுமே? நார்வேயில் ஆஸ்முண்ட் லேர்டால் என்ற பொம்மைக் கம்பெனிக்காரர் செய்து தந்தார். பாரீஸ் நகரின் சேன் நதியில் கிடைத்த பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம் என்று சொல்லப்படும் அச்சு ஒன்று இருந்தது. அந்த முகத்தையே பொம்மைக்கு வைத்தார். யாரும் காப்பாற்றாத ஒரு பெண்ணின் முகத்தில், மற்றவர்களைக் காப்பாற்ற உலகமே பழகிக்கொண்டிருக்கிறது.

வெற்றிக் கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

1966-ல் சஃபார் வெளியூரில் ஒரு மாநாட்டில் இருந்தார். வீட்டில் அவருடைய சின்ன மகள் எலிசபெத்துக்குக் கடுமையான ஆஸ்துமா. மூச்சுக்குழாயின் கிளைகள் சுருங்கி, மூச்சு நின்றது. ஆஸ்பத்திரியில் இதயத்தை மீட்டார்கள். மூளையை மீட்க முடியவில்லை. உலகத்துக்கே மூச்சு கொடுக்கக் கற்றுக் கொடுத்தவரால் சொந்த மகளைக் காப்பாற்ற முடியவில்லை.

மூளையின் கணக்கு ரொம்பக் கறார். ஆக்சிஜன் நின்று சுமார் நாலு நிமிஷத்தில் அது சேதமாகத் தொடங்கும். உலகத்திலேயே பெரிய டாக்டரும் நாலு நிமிஷம் கழித்து வந்தால் என்ன பிரயோஜனம்? வைத்தியம் ஆஸ்பத்திரி வாசலில் அல்ல, ஆள் விழுந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்ற முடிவோடு சஃபார் இறங்கினார்.

அப்போது அமெரிக்காவிலேயே ஆம்புலன்ஸ் லட்சணம் என்ன தெரியுமா? பிட்ஸ்பர்க்கில் போலீஸ் வேன். பல ஊர்களில் சவ அடக்கம் செய்யும் கம்பெனியின் வண்டி! படுக்க வைத்துப் போகலாம் என்பது மட்டுமே அதன் தகுதி. 1967-ல் பிட்ஸ்பர்க்கின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து, ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கடுமையான பயிற்சி கொடுத்தவர் சஃபார். ‘இவனுங்களுக்கெல்லாம் இது வராது’ என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த பையன்கள், ஓடுகிற வண்டியில் உயிரைப் பிடித்து வைத்தார்கள். 1975-ல் நகராட்சி அதை மூடிவிட்டுத் தன் சொந்த சேவையைத் தொடங்கியது தனிக் கதை. ஆனால், வண்டியோடு வைத்தியமும் வரவேண்டும் என்ற பாடம் ஊன்றிவிட்டது.

அந்தப் பாடம் நம்மூருக்கு வர இன்னும் முப்பது வருஷம் ஆனது. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் 108 தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில். அதுவரை அடிபட்டவர்களில் பலர் ஆட்டோவிலும் டெம்போவிலும் மடக்கிப் போடப்பட்டுத்தான் ஆஸ்பத்திரி போனார்கள். இப்போது 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள். ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவ உதவியாளர். டிரைவருக்குப் பெயரே ‘பைலட்’!

சரி, மறுபடி நசரத்பேட்டைக்கு வருவோம். போரூர், வேலப்பன்சாவடி, தண்டலம் என்று இந்த வட்டாரம் நெடுக மருத்துவக் கல்லூரிகள். 108 இருக்கிறது. ஆறு வழி ரோடும் இருக்கிறது. ஆனாலும், நெடுஞ்சாலை டிராஃபிக்கில் எந்த வண்டியாலும் நாலு நிமிஷத்துக்கு கியாரன்டி தர முடியாது. அந்த நாலு நிமிஷம் முழுக்க முழுக்க சுற்றி நிற்கும் கூட்டத்தின் கையில்.

கூட்டம் என்ன செய்கிறது?

யாராவது ஒருவர் அடிபட்டவரின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். சினிமாவில் அப்படித்தானே பார்த்திருக்கிறோம்? இன்னொருவர் பெட்டிக்கடைக்கு ஓடிப்போய் தண்ணீர் பாட்டிலோ சோடாவோ வாங்கிவந்து வாயில் ஊற்றுகிறார். இரண்டுமே பாசத்தில் செய்வது. இரண்டுமே ஆபத்து!

மடியில் வைத்ததும் கழுத்து முன்பக்கம் மடங்குகிறது. சஃபார் கஷ்டப்பட்டுத் திறந்த பாதை மூடிக்கொள்கிறது. நினைவில்லாதவருக்குக் கேட்கீப்பரும் தூங்கிவிட்டார். இருமல் ராக்கெட்டும் வேலை செய்யாது. ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகலாம். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் இதே ரகம். இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை. வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். நாக்கும் எச்சிலும் பக்கவாட்டில் சரிந்து, மூச்சுக்கு வழி விடும்.

நினைவில்லாமல் கிடப்பவரின் மூச்சை முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். குறட்டை மாதிரி வந்தால் அது தூக்கம் இல்லை, நாக்கு அடைக்கிறது. ‘களகள’வென்று கேட்டால் ரத்தமோ வாந்தியோ நிற்கிறது. மூச்சை இழுக்கும்போது ‘கீச்’சென்று விசில் அடித்தால் குரல்வளை வீங்கிச் சுருங்குகிறது. எல்லாவற்றையும்விட மோசமானது, சத்தமே இல்லாமல் இருப்பது.

குறட்டை என்றால் நெற்றியில் ஒரு கை வைத்து, மோவாயை உயர்த்துங்கள். விபத்து என்றால் கழுத்தெலும்பு உடைந்திருக்கலாம். அப்போது தலையை ஆட்டாமல், காதுக்குக் கீழே தாடை திரும்பும் இடத்தில் இரண்டு பக்கமும் விரல் கொடுத்து தாடையை முன்னால் தள்ளுங்கள். அப்படியும் மூச்சு வரவில்லை என்றால், மெதுவாகத் தலையைச் சாய்த்தே ஆக வேண்டும். ‘களகள’ என்றால், உடம்பை ஒரே கட்டையாகப் பிடித்து ஒருக்களித்துத் திருப்புங்கள். ‘விசில்’ என்றால், நினைவோடு இருப்பவரை வசதியாக உட்காரவிட்டு உடனே 108. மூச்சே இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும்.

இனி, வெளியிலிருந்து வந்து அடைக்கும் முதல் வில்லன். 1963-ல் அமெரிக்காவில், ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஹௌகன் என்ற டாக்டர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டே சத்தமில்லாமல் சரிந்து இறந்தவர்கள் ஒன்பது பேர். எல்லோரும் ஹார்ட் அட்டாக் என்று நினைத்தார்கள். பிரேதப் பரிசோதனையில் தொண்டையில் பெரிய உணவுத் துண்டு! பேச முடிந்தால் தானே “அடைக்குது” என்று சொல்ல? குரல்வளைக்குக் காற்று இல்லை, அதனால் குரலும் இல்லை.

1974-ல் ஹென்றி ஹைம்லிக் ஒரு வழி சொன்னார். நுரையீரலில் எப்போதும் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். வயிற்றை அமுக்கினால் உதரவிதானம் மேலே எழும்பி, அந்தக் காற்று சோடா பாட்டில் மூடியைப் போல அடைப்பைத் தெறிக்க வைக்கும். உலகப் புகழ் பெற்றார். ஆனால், முதுகில் தட்டும் பழைய முறையை ‘மரண அடி’ என்று கடைசிவரை எதிர்த்தார். 2016-ல், 96 வயதில், தான் இருந்த முதியோர் இல்லத்தில் சாப்பாடு அடைத்துத் திணறிய 87 வயதுப் பாட்டியைத் தன் கையாலேயே காப்பாற்றினார். அதே வருஷ டிசம்பரில் காலமானார். முதுகுத் தட்டலோ சாகவில்லை. 2025-ல் அமெரிக்க இதய சங்கம் தன் விதிமுறையைத் திருத்தி, முதலில் முதுகு, அப்புறம் வயிறு என்றது.

ஆக, இன்றைய பாடம் இதுதான். இருமுகிறார், பேசுகிறார் என்றால் தொடாதீர்கள். இருமச் சொல்லுங்கள். பேச்சும் வரவில்லை, இருமலிலும் சத்தமில்லை, தொண்டையைப் பிடித்துக்கொள்கிறார், உதடு நீலமாகிறது என்றால் ஒரு நொடியும் யோசிக்க வேண்டாம். முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 பலமான தட்டு. போகவில்லையா? பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக 5 அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கர்ப்பிணி என்றால் வயிற்றைத் தொடாமல் நெஞ்சில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க முதுகில் 5 தட்டு. பிறகு திருப்பி நெஞ்சில் 5 அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். ஆள் மயங்கினால் படுக்க வைத்து, 108-ஐ அழைத்து, நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள்.

“உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே?” என்கிறீர்களா? அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2007-ல் டெல்லியில் ஒரு சாலை விபத்தில் தன் உறவுக்காரச் சிறுவனைப் பறிகொடுத்தார் பியூஷ் திவாரி. அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவ யாரும் வரவில்லை. அவர் தொடங்கிய ‘சேவ்லைஃப்’ அமைப்பு தொடுத்த வழக்கில், 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்று ஒரு பிரிவு வந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு இல்லை. உங்கள் பெயர், முகவரி சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. நல்ல திட்டம். ஆனால், அந்த 48 மணி நேரத்தின் முதல் நாலு நிமிஷத்தை எந்த அரசாங்கமும் உங்களுக்குப் பதிலாகப் பார்த்துக்கொள்ள முடியாது.

அதனால், இன்று ராத்திரி சீரியல் முடிந்து டி.வி-யை அணைத்ததும் வீட்டில் ஒருவரைப் பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். நெற்றியில் ஒரு கை, மோவாயில் இரண்டு விரல். மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். அப்படியே ஒருக்களித்துத் திருப்பிப் பாருங்கள். பிள்ளைகளையும் செய்யச் சொல்லுங்கள். தட்டுவதையும் வயிற்றில் அழுத்துவதையும் மட்டும் ஆரோக்கியமானவர் மேல் ஒத்திகை பார்க்காதீர்கள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகாது. தேவைப்படும் நாளில் உங்களுக்குக் கிடைக்கப்போவது நாலுதான்!